அப்பாயிக்கு மூக்குத்திப் பக்கம் ஆறாத புண், துண்டு எடுக்கச் சொல்கிறார்கள்

லிந்துலைப் பேரன் | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பாயிக்கு 71 வயது. நாற்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். வலது மூக்கில் மூக்குத்திக்குப் பக்கத்தில், மூக்கும் கன்னமும் சேரும் மடிப்பில் ஒரு புண். எப்போது வந்தது என்று கேட்டால் "போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி" என்கிறார். வலி இல்லை. முகம் கழுவித் துடைத்தால் பொட்டு இரத்தம் வரும், பொருக்குக் கட்டும், ஆறிவிட்டது போல இருக்கும். பொருக்கு விழுந்தால் பழையபடி.

மூக்குத்தித் திருகு உரசியதுதான் என்று முதலில் நினைத்தோம். திருகைக் கழற்றித் தேங்காய் எண்ணெய் வைத்தார், அப்புறம் மஞ்சள். தோட்டத்து டிஸ்பென்சரியில் தந்த ஒயின்மென்ட் ஒரு ட்யூப் முடிந்தது. டவுனில் ஒரு கிளினிக்கில் இரண்டு தடவை அன்டிபயோட்டிக் எழுதினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தே பார்த்தார்கள், எழுந்துகூட வரவில்லை.

நான் கொழும்பில் கடையில் நிற்கிறவன். மூன்று மாதத்துக்கு ஒருதரம்தான் ஊருக்கு வருவேன். இந்தத் தடவை பார்த்தால் புண் பயறு அளவுக்கு வந்திருந்தது. பெரியாஸ்பத்திரி தோல் கிளினிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் லைட் வைத்த ஒரு பூதக்கண்ணாடியை மூக்கில் ஒட்டினாற்போல வைத்துப் பார்த்துவிட்டு, துண்டு எடுத்துச் சோதிக்கிற பயாப்சிக்கு அடுத்த வியாழக்கிழமை திகதி போட்டுக் கொடுத்தார்.

இப்போது லயத்து வீடுகளில் ஆளுக்கொரு பேச்சு. கத்தி பட்டால் பரவிவிடும், தொடாமல் விட்டால் அது பாட்டுக்கு இருக்கும் என்கிறார்கள். அப்பாயியும் வரமாட்டேன் என்று பாயில் சுருண்டு படுத்துவிட்டார். என்ன செய்யட்டும்?


கவ்வாத்துக் கத்தி | ஞாயிறு, இரவு 9.48

தம்பி, பயப்படாதீர்கள். தோல் கான்சர் வெள்ளைக்காரத் துரைமாருக்கு வருவது. நம் கறுத்த தோலுக்கு வருமென்றால் தோட்டத்தில் ஒருத்தர் மிஞ்சியிருக்க மாட்டோம். என் மாமியாருக்குக் கன்னத்தில் ஒரு மரு இருந்தது. சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்து மூன்று நாள் வைத்தார், பொரிந்து விழுந்தது. இன்றைக்கும் கல்லுப் போல இருக்கிறார். துண்டு எடுக்கப் போனால்தான் வினை.


தாதி அக்கா | ஞாயிறு, இரவு 10.30

கத்தி அண்ணே, மருவும் ஆறாத புண்ணும் ஒன்றில்லை. அந்த மூக்கு மடிப்பில் இருந்து கண்ணுக்கு இரண்டு விரல் தூரம். சுண்ணாம்பை அங்கே வைக்கச் சொல்லாதீர்கள்.

தம்பி, சிலது கேட்கிறேன். புண்ணின் ஓரம் தட்டையா, வரப்பு மாதிரி எழும்பி நிற்கிறதா? நடுவில் குழி உண்டா? அப்பாயி வன்னிப் பக்கம், அநுராதபுரம், அம்பாந்தோட்டை என்று எங்காவது போய்த் தங்கினாரா? அங்கெல்லாம் மணல் ஈ கடித்து லீஷ்மேனியாசிஸ் என்று ஒரு தோல் நோய் வருகிறது. அதுவும் வலிக்காது, மாதக்கணக்கில் ஆறாது. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றதுக்கு உதவாது. தோலில் வருகிற காசநோயும் சில நேரம் இப்படி இருக்கும். பார்த்த மட்டில் பிரிக்க முடியாததால்தான் துண்டு எடுக்கிறார்கள். பயாப்சி என்றதும் கான்சர் என்று முடிவு கட்டி அழுகிற குடும்பங்களைக் கிழமைக்கு ஒன்றாவது பார்க்கிறேன்.

போட்டோவை இங்கே போடாதீர்கள், அப்பாயி முகம். உங்கள் போனில் வைத்துக்கொண்டு டொக்டரிடம் காட்டுங்கள். பகல் வெளிச்சத்தில், பக்கவாட்டில் எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றி வைத்தால் அளவு தெரியும்.


லிந்துலைப் பேரன் | திங்கள், காலை 8.05

அக்கா, காலையில் வாசலில் முக்காலி போட்டு உட்காரவைத்துப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் வெறும் பொருக்கு. தலையைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னேன், வெயில் சாய்வாக விழுந்ததும் தெரிந்தது. ஓரத்தைச் சுற்றி வேகவைத்த ஜவ்வரிசியைக் கோர்த்து ஒட்டினது மாதிரி மினுமினுப்பாக எழும்பி நிற்கிறது. அதன் மேல் சிவப்பு நூல் போல மெல்லிய நரம்புகள் கிளை கிளையாக ஓடுகின்றன. நடுவில் குழி. ஓரத்தில் இரண்டு இடத்தில் பென்சில் முனையால் குத்தினாற்போல நீலம் கலந்த கறுப்புப் புள்ளி.

சின்ன அத்தை வவுனியாவில் இருக்கிறார். அப்பாயி போன வருசம் அங்கே இரண்டு மாதம் தங்கினார். ஆனால் புண் அதற்கு முன்பே வந்துவிட்டது.


ஊவா டொக்டர் | திங்கள், பிற்பகல் 1.20

பாடப்புத்தகத்தில் 'முத்துப் போன்ற ஓரம்' என்று எழுதியிருக்கும். எனக்கு ஜவ்வரிசிதான் பிடித்திருக்கிறது, இனி மாணவர்களுக்கு இதைத்தான் சொல்லப் போகிறேன்.

கண்ணால் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். அந்த டொக்டர் எதைச் சந்தேகிக்கிறார் என்பதை மட்டும் சொல்லலாம். பேசல் செல் கார்சினோமா. தோலின் மேற்படையில் அடிவரிசையாக இருக்கும் செல்களில் தொடங்குகிற புற்று. உலகத்தில் மனிதருக்கு வரும் புற்றுகளில் இதுதான் ஆக அதிகம், ஆளைக் கொல்வதில் ஆகக் கடைசி வரிசையில் நிற்பதும் இதுதான். 1827இல் டப்ளினில் ஆர்தர் ஜேக்கப் என்ற கண் வைத்தியர் இமையில் வருகிற இப்படியான புண்ணைப் பற்றி எழுதினார். பிறகு அதற்குக் 'கொறிக்கும் புண்' என்றே பெயர் நின்றுவிட்டது. சரியான பெயர். எலி அரிசி மூட்டையைக் கொறிப்பது போல இருந்த இடத்தில் இருந்தே அக்கம்பக்கத்தைத் தின்னும். நுரையீரல், ஈரல் என்று வேறு இடத்துக்குப் போவது நூற்றில் ஒன்றுக்கும் வெகு குறைவு. அதனால் ஒரு கிழமை பிந்தினால் குடி முழுகாது. ஆனால் மூக்கு மடிப்பு, கண்ணோரம், காது ஆகிய இடங்களில் வருசக்கணக்கில் விட்டால் ஆழமாகப் போய்க் குருத்தெலும்பைப் பிடிக்கும். வெட்டின பிறகு திரும்பி வருவதும் அந்த இடங்களில்தான் அதிகம்.

கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு நம் ஆட்களிடம் எப்படி வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. முற்றின பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், முற்றினதில்தான் கத்தி வைத்தார்கள், கொஞ்ச நாளில் ஆள் போய்விட்டார். பழி கத்தி மேல் விழுந்தது. பயாப்சி இதைப் பரப்பாது.

எப்படி எடுப்பார்கள்? மரக்கிற ஊசி போடுவார்கள். மூக்கில் அந்த ஊசிதான் கண்ணில் நீர் வரவைக்கும், அதை முன்பே சொல்லிவிடுங்கள், ஏமாற்ற வேண்டாம். பிறகு மூன்று நான்கு மில்லிமீற்றர் அகலமான குழாய்க் கத்தியைத் திருகி ஒரு துண்டு. ஒரு தையல், சில நேரம் அதுவும் இல்லை. துண்டை ஃபோமலின் போத்தலில் போட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். பேசல் செல் என்றால் நுணுக்குக்காட்டியில் செல்கள் கூட்டங்கூட்டமாக, கூட்டத்தின் ஓரத்தில் வேலிக்கம்பு நட்டது போல வரிசையாக நிற்கும்.

கத்தி அண்ணன் சொன்னதில் பாதி சரி. நம் தோலில் மெலனின் என்ற நிறப்பொருளின் காவல் இருக்கிறது, வெள்ளைக்காரருக்கு வருவதோடு ஒப்பிட்டால் நமக்கு மிகக் குறைவு. ஆனால் வரும்போது நம்மவர்களுக்குப் பாதிக்கும் மேல் கறுப்பு கலந்தே வரும். மச்சம் என்று விட்டுவிடுவோம். பேரன் பார்த்த அந்தப் புள்ளிகள் அப்படியானவையாக இருக்கலாம். இன்னொன்று, மலை. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 வீதம் கூடும். குளிர் காற்றில் வெயில் உறைக்காது, ஆனால் கதிர் விழுந்துகொண்டுதான் இருக்கும். மெல்லிய முகில் அதைப் பெரிதாக மறிக்காது. கொங்காணி தலையையும் முதுகையும் மூடும். மூக்கு வெளியேதான்.


ஓய்வு வாத்தியார் | திங்கள், மாலை 5.40

பேரனுக்கு என் கதையைச் சொல்கிறேன். நான் பண்டாரவளைப் பக்கம் முப்பது வருசம் படிப்பித்தவன். இடது கண்ணுக்குக் கீழே, மூக்குக் கண்ணாடியின் தாங்கி உட்காருகிற இடத்தில் ஒரு சின்ன முடிச்சு. கண்ணாடி அழுத்துகிறது என்று நினைத்துப் புதுச் சட்டம் வாங்கினேன். அது சரிவரவில்லை, இன்னொரு சட்டம். இப்படி மூன்று வருசம் ஓடியது. கடைசியில் கண் பரிசோதிக்க வந்த டொக்டர்தான் "சேர், இது கண்ணாடி வேலை இல்லை" என்றார்.

பேசல் செல் என்றே ரிப்போட் வந்தது. ஒப்பரேஷனில் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். முகம் மரத்திருந்தது, வெட்டுகிறது தெரியாது, ஆனால் கத்திரிக்கோல் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இமைக்குக் கீழே இருந்ததால் தோல் போதாமல் காதுக்குப் பின்னால் இருந்து ஒரு துண்டு எடுத்து ஒட்டினார்கள். முதல் வருசமே வந்திருந்தால் இரண்டு மூன்று தையலோடு போயிருக்கும். இப்போது இமை சற்றுக் கீழே இழுத்தாற்போல இருக்கிறது, காற்றுக் காலத்தில் கண் நீர் வடிகிறது. பழைய மாணவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நான்கு வருசம் கழித்துக் காதுமடலில் இன்னொன்று வந்தது. இந்தத் தடவை நானே கண்டுபிடித்தேன். பத்து நிமிட வேலை.


கவ்வாத்துக் கத்தி | திங்கள், இரவு 8.15

சேர் பெரியவர், அவர் அனுபவத்தோடு வாதாட வரவில்லை. டொக்டர், ஒரே ஒரு கேள்வி. எங்கள் பக்கம் ஒரு நாட்டு வைத்தியர் கறுப்புக் களிம்பு போட்டுப் புற்றை வேரோடு எடுக்கிறார். விழுந்த சதையைப் போத்தலில் போட்டு வரிசையாக வைத்திருக்கிறார், நானே கண்ணால் பார்த்தேன். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?


ஊவா டொக்டர் | திங்கள், இரவு 10.02

நல்ல கேள்வி, கோபமில்லை. ஏனென்றால் இந்த நோய்க்கு இன்றைக்கு ஆகத் திருத்தமான ஒப்பரேஷன் என்று சொல்லப்படுவது ஒரு களிம்பில்தான் தொடங்கியது. 1930களில் அமெரிக்காவில், விஸ்கொன்சினில், ஃபிரெடெரிக் மோஸ் என்பவர் சிங்க் குளோரைட் களிம்பைப் புற்றின் மேல் பூசினார். சதை அங்கேயே இறுகும். கறுப்புக் களிம்புகள் பலவற்றிலும் இதே சாமான்தான். ஆனால் மோஸ் விழுந்த சதையைப் போத்தலில் போட்டு வைக்கவில்லை. இறுகின சதையை ஒரு படை சீவி எடுத்து, அடிப்பக்கம் முழுவதையும் நுணுக்குக்காட்டியில் பார்த்து, எந்த மூலையில் மிச்சம் இருக்கிறதோ அங்கே மட்டும் திரும்பவும் சீவினார். மிச்சம் இல்லாமல் போகிற வரைக்கும். பிறகு களிம்பையே விட்டுவிட்டுப் பச்சைச் சதையில் அதையே செய்யத் தொடங்கினார்கள். முதல்முறை வந்த புற்றுக்கு அப்படிச் செய்தால் ஐந்து வருசத்தில் திரும்பி வருவது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில். அதற்கு வேண்டிய பயிற்சியும் ஆய்வுகூடமும் உள்ள இடங்கள் உலகத்திலேயே குறைவுதான்.

உங்கள் நாட்டு வைத்தியரின் போத்தலில் இருப்பது விழுந்த சதை. எனக்குப் பார்க்க வேண்டியது விழாமல் உள்ளே நின்ற சதை. மேலே தோல் மூடி வடு அழகாக இருக்கும், அடியில் அது பாட்டுக்கு ஓடும். ஐந்தாறு வருசம் கழித்து மூக்குக்குள்ளே ஓட்டையோடு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். அவர் வைத்தியரைத் திட்டவே இல்லை, "அப்போது ஆறிவிட்டது டொக்டர்" என்றுதான் சொன்னார்.


லிந்துலைப் பேரன் | நான்கு கிழமைக்குப் பிறகு

எல்லோரும் மன்னிக்க வேண்டும், லீவு கிடைக்காமல் அலைந்ததில் எழுதப் பிந்திவிட்டது. வாத்தியார் சேர் கதையை அப்பாயிக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடிச் சட்டம் மாற்றின இடத்தில் சிரித்தார். வியாழக்கிழமை காலை தானே சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

ரிப்போட் மூன்று கிழமையில் வந்தது. பேசல் செல் கார்சினோமா, முடிச்சு வகை, கறுப்புக் கலந்தது. அப்பாயிக்குச் சொல்ல வேண்டாம் என்று நான் முதலிலேயே டொக்டரிடம் தனியாகக் கேட்டிருந்தேன். டொக்டர் சிங்களவர், இளம் பெண், என்னிடம் தாழ்ந்த குரலில்தான் பேசினார். ஆனால் நடுவில் 'பிளிக்கா' என்ற சொல் விழுந்துவிட்டது, சிங்களத்தில் கான்சர். கதிரையில் கால் ஆட்டிக்கொண்டிருந்த அப்பாயி கால் ஆட்டத்தை நிறுத்தினார்.

"பிளிக்காவா நோனா?"

நான் வாயைத் திறக்கவில்லை. டொக்டர் எழுந்து வந்து அப்பாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆம் என்றார். அப்பாயி அடுத்துக் கேட்டது ஒன்றே ஒன்று. "மஹரகமவுக்குப் போகணுமா?" அங்கேதான் பெரிய கான்சர் ஆஸ்பத்திரி. எங்கள் லயத்தில் மஹரகமவுக்குப் போன மூன்று பேரில் ஒருவரும் திரும்பவில்லை, எல்லோரும் கடைசி நேரத்தில் போனவர்கள். டொக்டர் கையை ஆட்டி "ஓனே நே அம்மே" என்றார். வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அப்பாயி தேத்தண்ணி குடிக்கக் கேட்டார். மறைத்துவைக்கப் போன நான்தான் அங்கே முட்டாள்.

ஒப்பரேஷனுக்குப் பிளாஸ்டிக் சர்ஜரி கிளினிக்குக்குக் கடிதம் தந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா நெட்டில் பார்த்துவிட்டு, பூசுகிற கிரீம் இருக்கிறதாம், கதிர் பிடித்தும் எடுக்கலாமாம், ஏன் வெட்ட வேண்டும் என்கிறார். உண்மையா?


கண்டிக்காரி | அதே நாள், மாலை

கதிர் பற்றி நான் சொல்கிறேன். என் மாமிக்கு 84 வயது, இதயம் பலவீனம், படுக்கவைத்து வெட்ட முடியாது என்றார்கள். நெற்றியோரம் வந்தது. கிழமைக்கு ஐந்து நாள், நான்கு கிழமை போய் வந்தோம். வலி இல்லை, ஒவ்வொரு நாளும் சில நிமிடம்தான், ஆனால் அலைச்சல் தாங்காது. பஸ் காசு, மதியச் சாப்பாடு, என் சம்பளத்தில் வெட்டு. கடைசிக் கிழமை தோல் வெந்தது போலச் சிவந்து உரிந்தது, பிறகு ஆறிவிட்டது. லிந்துலையில் இருந்து அப்பாயி அப்படி வந்து போவாரா, யோசியுங்கள்.


ஊவா டொக்டர் | அதே நாள், இரவு

கண்டிக்காரி சொன்னது போதும், நான் கூட்ட ஒன்றுமில்லை. வெட்ட முடியாதவர்களுக்குக் கதிர் நல்ல வழி.

கிரீம் என்று அந்த அக்கா சொல்வது இமிகுவிமோடாக இருக்கும். கிழமைக்கு ஐந்து நாள், ஆறு கிழமை பூசுவது. முதுகு, நெஞ்சு போன்ற இடங்களில் தோலின் மேலோட்டமாகப் படர்கிற வகைக்கு அது சரி. மூக்கு மடிப்பில் முடிச்சு வகைக்கு நான் தரமாட்டேன். உறைய வைப்பது, சுரண்டிச் சுடுவது எல்லாமும் அதே கணக்குத்தான், ஓரம் போய்விட்டதா என்று பார்க்க ஒரு துண்டும் கையில் மிஞ்சாது. வெட்டவே முடியாத அளவுக்குப் போனவர்களுக்கு விஸ்மோடெகிப் என்ற குளிசை 2012இல் வந்தது. நாக்கில் ருசி போகும், தசை பிடிக்கும், முடி கொட்டும். அப்பாயி அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை.

வெட்டும்போது தெரிகிற ஓரத்தில் இருந்து சுற்றிவர ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். ஓரம் தெளிவாகத் தெரிகிற, இரண்டு சென்ரிமீற்றருக்குச் சின்னப் புற்று என்றால் அந்த அளவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முழுதாக வந்துவிடும். மூக்கில் அவ்வளவு தாராளமாக வெட்ட இடம் இல்லை, அதனால்தான் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு அனுப்புகிறார்கள். வெட்டின துண்டும் ஆய்வுகூடத்துக்குப் போகும். அந்த இரண்டாவது ரிப்போட்டை மறக்காமல் போய் எடுங்கள். தையல் வெட்டினதோடு கிளினிக்கை மறந்துவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். அப்பாயி இரத்தம் கரைக்கிற குளிசை ஏதாவது போடுகிறார் என்றால் கொண்டுபோய்க் காட்டுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.


லிந்துலைப் பேரன் | இரண்டரை மாதத்துக்குப் பிறகு

முடிந்தது. கன்னத்து மடிப்பில் இருந்து தோலைத் திருப்பிக் கொண்டுவந்து மூக்கில் தைத்தார்கள். முதல் கிழமை பணியாரம் மாதிரி வீங்கி இருந்தது, அப்பாயி கண்ணாடி பார்க்க மறுத்தார். வாத்தியார் சேர் சொன்ன கத்திரிக்கோல் சத்தத்தை முன்கூட்டிச் சொல்லிவிட்டேன். உள்ளே இருந்து வந்து "கவ்வாத்து வெட்டுற சத்தத்த விடவா" என்றார். ஏழாம் நாள் தையல் வெட்டினார்கள். ரிப்போட்டில் ஓரங்களிலும் ஆழத்திலும் இல்லை என்று இருக்கிறது. இனி ஆறு மாதத்துக்கு ஒருதரம் காட்ட வேண்டும்.

மூக்குத்தி குத்தின துவாரம் வெட்டோடு போய்விட்டது. இடது பக்கம் குத்தலாமா என்று டொக்டரிடம் அப்பாயியே கேட்டார், கொஞ்ச நாள் போகட்டும் என்றிருக்கிறார். தாத்தா கண்டியில் வாங்கிக் கொடுத்த மூக்குத்தி, பால்மா டின்னுக்குள் ஈ.பி.எஃப். கடிதத்தோடு கிடக்கிறது. ஒரு அகலத் தொப்பி வாங்கிக் கொடுத்தேன். அதைக் கோழிக்கூட்டுக்கு மேல் பார்த்தேன்.


கவ்வாத்துக் கத்தி | அன்றிரவு, 11.37

தம்பி, சந்தோசம். அப்பாயியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தாதி அக்கா, ஒரு விசயம். என் வலது காது நுனியில் ஒரு பொருக்கு இருக்கிறது. ஒன்றரை வருசமாகிறது. சவரம் செய்யும்போது பட்டு இரத்தம் வரும். நேற்றுப் பகலில் மகளை லைட் அடித்துப் பார்க்கச் சொன்னேன். ஜவ்வரிசி எல்லாம் இல்லை, சொரசொரப்பாகத் தடித்திருக்கிறது என்கிறாள்.


தாதி அக்கா | மறுநாள், காலை 6.02

அண்ணே, சொரசொரப்பும் நல்லதில்லை, காதில் வேறு வகையும் வரும், அது இதைவிட வேகமாகப் போகும். சுண்ணாம்பு ஏதாவது வைத்தீர்களா, உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் டிஸ்பென்சரியில் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு கிளினிக் நாளில் ஏழு மணிக்கு முன் வந்துவிடுங்கள், பிறகு நம்பர் கிடைக்காது.


கவ்வாத்துக் கத்தி | மறுநாள், காலை 6.10

இரண்டு தடவை வைத்தேன். வருகிறேன்.